விட்ட இடத்தில் காத்திருக்கும் அட்டை

சித்தூர் மாவட்டக் கிராமங்களில் உருவான ஒரு 'பெட்டிப் பள்ளி' தமிழ்நாட்டின் வகுப்பறைகளை மாற்றியது. பெட்டி வந்து சேர்ந்தது. அதற்குள் இருந்தது எல்லாம் வந்ததா?

திருப்பதிக்குப் போகாத தமிழ்க் குடும்பம் அபூர்வம். அங்கிருந்து மேற்கே பஸ் பிடித்து மதனப்பள்ளி வரை போகிறவர்கள் குறைவு. தக்காளி வியாபாரிகள் போவார்கள். ஜே. கிருஷ்ணமூர்த்தியின் வாசகர்கள் போவார்கள். 2003-க்குப் பிறகு ஒரு புதிய கூட்டம் அந்தப் பாதையில் போக ஆரம்பித்தது: சென்னை மாநகராட்சித் தொடக்கப் பள்ளி ஆசிரியைகள். கோயிலுக்கு அல்ல. ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்து வகுப்புகள் என்று இயங்கும் கிராமப் பள்ளிகளைப் பார்ப்பதற்கு.

அவர்கள் பார்த்த வகுப்பறையில் முதலில் கண்ணில் படுவது ஒன்று இல்லாததுதான். மேஜை நாற்காலி போட்டு எதிரே வரிசையாகப் பிள்ளைகள் என்ற ஏற்பாடு அங்கே கிடையாது. வாத்தியாரும் பாயில் உட்கார்ந்திருப்பார். காலையில் உள்ளே நுழையும் பிள்ளை தன் வருகையைத் தானே குறித்துக்கொள்ளும். ஒருவன் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து, வெயிலா மேகமா என்று அட்டவணையில் எழுதுவான். பிறகு ஒவ்வொருவரும் சுவரில் தொங்கும் நீண்ட படம் ஒன்றை நிமிர்ந்து பார்ப்பார்கள். ஏணி மாதிரி படிப்படியாக ஏறும் படம். ஒவ்வொரு படியிலும் ஒரு சின்னம்: முயல், யானை, பறவை என்று ஏதாவது ஒன்று. நேற்று எந்தச் சின்னத்தில் நின்றோம் என்பது பிள்ளைக்குத் தெரியும். அடுத்த சின்னம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, எந்தக் குழுவில் உட்கார வேண்டுமோ அங்கே போய் உட்கார்ந்துவிடும். இதற்குள் வாத்தியார் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்.

எப்படி இது சாத்தியமாயிற்று என்பதற்கு முன், ஏன் இது தேவைப்பட்டது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓராசிரியர் பள்ளியில் ஒரு நாளைக்குப் பாட நேரம் ஐந்து மணி என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வகுப்புகள். ஆளுக்கு ஒரு மணி நேரம். மொழி, கணக்கு, சூழ்நிலையியல், ஆங்கிலம் என்று நான்கு பாடங்கள் இருந்தால், பாடத்துக்குப் பதினைந்து நிமிடம். மீதி நான்கு மணி நேரமும் அந்த வகுப்புப் பிள்ளைகள் செய்வது 'கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுது' என்ற வேலை. வாத்தியார் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. கிராமப் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று சொல்கிறோம். அதற்குக் கிடைத்தது நாளைக்குப் பதினைந்து நிமிடம் என்பதை யாரும் சொல்வதில்லை.

மதனப்பள்ளி கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊர் (1895). அருகே ரிஷிகொண்டா மலையடிவாரப் பள்ளத்தாக்கை 1926-ல் அவர் தேர்ந்தெடுத்தார். அங்கே வளர்ந்ததுதான் ரிஷி வேலி பள்ளி. வசதியான வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும், நாடெங்கும் பெயர் பெற்ற பள்ளி. சுற்றிலும் என்ன இருந்தது? மழை பொய்க்கும் மேட்டு நிலம், நிலக்கடலை, ஆடு, கடன். வேலிக்கு உள்ளே ஒரு கல்வி, வெளியே வேறு ஒன்று. இந்த முரண் அங்கே இருந்தவர்களையும் உறுத்தியிருக்க வேண்டும். பள்ளத்தாக்கின் கிராமியக் கல்வி மையத்துக்கு 1980களில் பொறுப்பேற்ற ஒய்.ஏ. பத்மநாப ராவ், ராமா தம்பதி, அக்கம்பக்கக் கிராமங்களில் துணைப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். பெரும்பாலும் அந்தந்தப் பகுதி இளைஞர்களே வாத்தியார்கள். பட்டம் பெற்ற ஆசிரியரை அந்தக் குக்கிராமங்களில் தங்க வைப்பது நடக்கிற காரியமல்ல.

இங்கேதான் பெட்டி வருகிறது. வாத்தியார் பயிற்சி குறைந்தவர். பிள்ளைகள் ஐந்து வகுப்பினர். எனவே பாடத்தை வாத்தியார் வாயிலிருந்து எடுத்து அட்டைக்குள் வைத்தார்கள். முதல் சில வகுப்புகளின் மொழி, கணக்கு, சூழ்நிலையியல் முழுவதையும் சிறு சிறு படிகளாக உடைத்தார்கள். ஒரு படிக்கு அறிமுக அட்டை, அதை உறுதிப்படுத்தப் பயிற்சி அட்டைகள், தெரிந்துகொண்டதா என்று பார்க்க மதிப்பீட்டு அட்டை. தடுமாறினால் குறை தீர்க்கும் அட்டை. தேறிவிட்டால் ஆர்வத்துக்குக் கூடுதல் அட்டை. இத்தனையும் ஒரு பெட்டியில் அடங்கும். 1990களின் தொடக்கத்தில் இது முழு வடிவம் பெற்று, 'பெட்டிக்குள் பள்ளி' என்ற பெயரில் வெளியூர்களுக்குப் பயணம் புறப்பட்டது.

அட்டை என்றதும் அது இன்னொரு பாடப்புத்தகம், கிழித்து ஒட்டப்பட்டது என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலான அட்டைகள் பிள்ளையை வேறு ஒன்றை நோக்கி அனுப்பும். புளியங்கொட்டையை எண்ணு. வெளியே போய் மூன்று வகை இலை பறித்து வா. தோழனுக்கு இந்தக் கதையைப் படித்துக் காட்டு. கிராமத்துப் பாட்டிகளிடம் கேட்டுத் தொகுத்த கதைகளும் பாட்டுகளும் தெலுங்கு அட்டைகளில் பாடமாயின. வீட்டில் கேட்ட கதை பள்ளியில் எழுத்தாக எதிரே வரும்போது பிள்ளைக்குப் பாதி எழுத்து ஏற்கெனவே தெரிந்த மாதிரிதான்.

கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மில் பலர் '32-ல் 15 போகாது, பக்கத்தில் கடன் வாங்கு' என்று படித்தவர்கள். கடன் வாங்கினோமே, எப்போது திருப்பிக் கொடுத்தோம்? இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் நம் வகுப்பில் முதுகில் ஒன்று விழுந்திருக்கும். குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி விளையாடும் பிள்ளைக்கு இந்தக் குழப்பமே இல்லை. மூன்று கட்டு, இரண்டு தனிக் குச்சி. ஐந்து குச்சி எடுக்க வேண்டும், இரண்டுதான் இருக்கிறது. என்ன செய்வது? ஒரு கட்டை அவிழ்க்க வேண்டியதுதான். இப்போது பன்னிரண்டு தனிக் குச்சி. ஐந்தை எடுத்தால் ஏழு. மிஞ்சிய இரண்டு கட்டில் ஒன்றை எடுத்தால் ஒன்று. விடை 17. இதில் கடனும் இல்லை, வட்டியும் இல்லை. கை செய்ததை மனசு பிறகு எழுத்தில் செய்கிறது. செயல்வழிக் கல்வி என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் வேண்டியதில்லை.

இந்த யோசனை புதிதும் அல்ல. கையால் தொட்டுக் கற்க வேண்டும் என்று சொன்ன மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தார். உலகப் போர் மூண்டதால் பல வருடங்கள் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. கொடைக்கானலிலும் வாழ்ந்தார். காந்திஜியின் ஆதாரக் கல்வி 1937-லேயே கைத்தொழிலை வகுப்பறையின் நடுவில் வைத்தது. தென் அமெரிக்காவின் கொலம்பியாவில் 1970களில் ஓராசிரியர் கிராமப் பள்ளிகளுக்காகவே ஒரு முறை உருவாகிப் பெரிய அளவில் பரவியது. ரிஷி வேலிக்காரர்கள் இவற்றோடு சேர்த்தது ஏணி. அதன் அருமை படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைக்குத் தெரியாது. பள்ளிக்கு வராத பிள்ளைக்குத்தான் தெரியும்.

மேட்டு நிலப் பகுதியில் நிலக்கடலை பிடுங்கும் காலத்தில் வீட்டில் ஒரு கை கூடுதலாக வேண்டும். தக்காளி பறிக்கும் நாளிலும் அப்படித்தான். அம்மா கூலிக்குப் போனால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது அக்காவின் வேலை. அக்காவுக்கு எட்டு வயது. மூன்று வாரம் கழித்து அவள் பள்ளிக்கு வந்தால் சாதாரண வகுப்பில் என்ன நடக்கும்? பாடம் மூன்று வாரம் முன்னே போயிருக்கும். கழித்தல் தெரியாமல் பெருக்கலில் உட்கார்ந்திருப்பாள். வாத்தியார் கேள்வி கேட்பார், விழிப்பாள், மற்றவர்கள் சிரிப்பார்கள். அடுத்த முறை மூன்று வாரம் ஆறு வாரமாகும். ஒரு நாள் பெயர் நீக்கப்படும். 'இடைநிற்றல்' என்று அரசு அறிக்கைகள் எழுதுவது பெரும்பாலும் இந்தச் சின்ன அவமானங்களின் கூட்டுத்தொகை.

ஏணி வைத்த பள்ளியில் அவள் யானைப் படத்தில் விட்டிருந்தால் யானைப் படம் அங்கேயே இருக்கும். அதே அட்டையை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பக்கத்தில் இருப்பவன் வேறு படியில் இருக்கிறான், அவனுக்கும் பக்கத்தில் இருப்பவள் இன்னொரு படியில். எல்லோரும் வெவ்வேறு இடத்தில் இருக்கும்போது பின்தங்கியவர் என்று ஒருவரைத் தனியாகச் சுட்ட முடியாது.

வாத்தியாருக்கு இதனால் வேலை குறைந்துவிடுவதில்லை. பிள்ளைகள் குழுக்களாகப் பிரிந்திருப்பார்கள். புதுப் பாடம் தொடங்குகிறவர்கள் ஆசிரியரோடு. கொஞ்சம் பிடிபட்டவர்கள் ஆசிரியரின் அரைக் கண்காணிப்பில். அடுத்தது தோழர்களின் உதவியோடு. கடைசியில் தானாகச் செய்கிறவர்கள். ஆசிரியர் முழு கவனத்தையும் முதல் குழுவுக்குத் தரலாம், மற்றவர்கள் சும்மா இல்லை. நாளைக்குப் பதினைந்து நிமிடம் என்ற அந்தக் கணக்கு இப்படித்தான் உடைந்தது.

கிராமத்தை உள்ளே இழுத்ததும் இந்தப் பள்ளிகளின் சாமர்த்தியம். தாய்மார் குழுக்கள் அமைந்தன. பள்ளியைச் சுற்றி மரம் நட்டார்கள். 'மெட்ரிக் மேளா' என்று ஒரு திருவிழா நடக்கும். பிள்ளைகள் கடை போட்டு, எடை போட்டு, நீளம் அளந்து, ஊர்ப் பெரியவர்களின் உயரத்தையும் எடையையும் கணக்கெடுப்பார்கள். தாத்தாவை அளந்து சென்டிமீட்டரில் எழுதிக் கொடுக்கும் பேத்தியைப் பார்த்த பிறகு, 'விளையாடத்தானே போறாங்க, படிப்பு எங்கே?' என்று கேட்கத் தோன்றாது.

அப்படிக் கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. ஆந்திராவில் அரசே செயல்வழிக் கல்வியை முயன்று பார்த்த அனுபவம் இருக்கிறது. 1984-ல் பிரிட்டிஷ் உதவியோடு சோதனை முறையில் தொடங்கிய ஆந்திரப் பிரதேசத் தொடக்கக் கல்வித் திட்டம், 1989 வாக்கில் அப்போதைய 23 மாவட்டங்களுக்கும் விரிந்தது. செய்து கற்றல், குழு வேலை, பிள்ளைக்குப் பிள்ளை உள்ள வேறுபாட்டை மதித்தல், ஊர்ச் சூழலைப் பயன்படுத்தல், பிள்ளைகளின் படைப்புகளைச் சுவரில் வைத்தல் என்று அருமையான கொள்கைகள். ஆனால் பல பள்ளிகளில் நடந்தது வேறு. சுவரில் படம் ஏறியது. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். வட்டமாக உட்கார்ந்தபடியே பழையபடி வாத்தியார் சொன்னதைத் திருப்பிச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் பார்க்க எளிதானது வட்டமும் படமும்தானே. பிள்ளையின் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சுவரில் மாட்ட முடியாது.

ரிஷி வேலி முறைக்கும் இந்த ஆபத்து காத்திருந்தது. கர்நாடகம் முதலில் கைநீட்டியது. மைசூர் மாவட்டம் ஹெக்கடதேவனகோட்டை தாலுகா ஆசிரியர்கள் 1995 வாக்கில் ரிஷி வேலியைப் பார்த்துவிட்டுப் போய்த் தாங்களே கன்னட அட்டைகளைத் தயாரித்தார்கள். பெயர் 'நலி கலி'. நலிவு என்று தமிழ்க் காதில் தவறாக விழும், கன்னடத்தில் மகிழ்ந்து ஆடிக் கற்பது என்று பொருள். பிற்பாடு அது மாநிலம் முழுவதற்குமான திட்டமானது.

தமிழ்நாட்டுக்குள் பெட்டி வந்தது வேலூர் வழியாக. சித்தூரை ஒட்டிய அந்த மாவட்டத்தில் கலெக்டராக இருந்த எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ்., வேலையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைத் தொழிலாளர்களுக்கான சிறப்புப் பள்ளிகளில் இந்த முறையைக் கவனித்தார். வயது பத்து, படிப்பு பூஜ்யம் என்று வரும் பிள்ளையை எந்த வகுப்பில் சேர்ப்பது என்ற தலைவலிக்கு ஏணியைவிட நல்ல மருந்து இல்லை. 2003-ல் அவர் சென்னை மாநகராட்சி கமிஷனர் ஆனதும் 13 பள்ளிகளில் சோதனை தொடங்கியது. அடுத்து எல்லா மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. 2007-ல் தமிழகம் முழுக்க 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' வந்தது. தமிழ் அட்டைகள் அகர வரிசையைக்கூட விட்டுவிட்டு, பிஞ்சு விரல் எழுத எளிதான எழுத்துகளில் தொடங்கின. பிள்ளைகளின் உயரத்துக்குச் சுவரடியில் கரும்பலகை போடப்பட்டது. பல அரசுப் பள்ளிகளில் அது இன்றும் மிச்சமிருக்கிறது.

ஒரு பள்ளத்தாக்கின் பன்னிரண்டு பதினைந்து பள்ளிகளில் பல வருடம் திருத்தித் திருத்திச் செய்த ஒன்று, ஒரே உத்தரவில் முப்பதாயிரம் பள்ளிகளுக்குப் போனால் என்ன ஆகும்? இரண்டும் ஆயிற்று. வகுப்பறையில் பயம் குறைந்தது. பிரம்பு ஓரம் போனது. பல ஆசிரியைகள் தங்கள் பணிக்காலத்திலேயே முதல் முறையாகத் தரையில் உட்கார்ந்து பிள்ளையின் முகத்தைப் பக்கத்தில் பார்த்தார்கள். இன்னொரு பக்கம், அட்டை தொலைந்தால் மாற்று அட்டை வரவில்லை. பதிவேடுகள் பெருகின. வீட்டுப்பாடம் இல்லையே என்று பெற்றோர் முணுமுணுத்தார்கள். ஆசிரியர் சங்கங்கள் வேலைப்பளு பற்றிப் புகார் சொன்னதில் நியாயம் இருந்தது. ரிஷி வேலியில் வாத்தியாரே அட்டை எழுதப் பழகினார், தன் ஊருக்கு ஒத்துவராததை மாற்றினார். இங்கே அட்டை மேலிருந்து அச்சாகி வந்தது. தான் செய்த கருவிக்கும் தலையில் கட்டப்பட்ட கருவிக்கும் வித்தியாசம் தச்சனைக் கேட்டால் தெரியும்.

பிறகு 2012 முதல் முப்பருவ முறை, 2018 முதல் புதிய பாடநூல்கள் என்று மாற்றங்கள் அடுக்கடுக்காக வந்தன. ஏணியின் பிடி தளர்ந்தது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. திரும்பி வந்தவர்களில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை முதல் வகுப்பைப் பார்த்ததே இல்லை. நிலக்கடலைக் காலத்து எட்டு வயது அக்காவின் நிலைமை இப்போது மொத்த மாநிலத்துக்கும் வந்துவிட்டது. 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையைப் பார்த்துப் பிரித்தது. பெயர் புதிது. பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கு என்ற எண்ணம் மதனப்பள்ளிப் பக்கம் பஸ் ஏறிப் போனவர்களுக்குப் பழக்கமானது.

சித்தூர் மாவட்டத்தின் மறுகோடியில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடையில் கேட்கும் குப்பத்தில் இன்னொரு முயற்சி நடக்கிறது. வங்கி வேலையை விட்டு வந்த ராம்ஜி ராகவன் 1999-ல் தொடங்கிய அகஸ்தியா அறக்கட்டளைக்கு அங்கே 172 ஏக்கர் வளாகம். வறண்டு கிடந்த நிலம் இன்று மரம் அடர்ந்திருக்கிறது. இங்கே பாடம் அறிவியல். சோதனைக் கருவிகளை வேனிலும் மோட்டார் சைக்கிளிலும் ஏற்றிக்கொண்டு கிராம அரசுப் பள்ளிகளுக்குப் போகிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்களே சக மாணவர்களுக்குச் சோதனை செய்துகாட்டி விளக்குவது இதன் சுவையான பகுதி. ஆனால் வேன் வந்துவிட்டுப் போய்விடும். மறுநாள் காலை வகுப்பில் என்ன நடக்கிறது என்பது அந்தப் பள்ளி வாத்தியார் கையில்தான்.

அந்த வாத்தியார் எத்தனை பேர்? கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கும் இரண்டு ஆசிரியர்கள் என்று விதித்தது. 2024-25 கல்வி ஆண்டின் அரசுப் புள்ளிவிவரப்படி நாட்டில் ஓராசிரியர் பள்ளிகள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவற்றில் படிப்பவர்கள் 33 லட்சத்துக்கும் அதிகம். மாநிலங்களில் முதலிடம் ஆந்திரப் பிரதேசத்துக்கு: சுமார் 12,900 பள்ளிகள். பெட்டியைக் கண்டுபிடித்த மாநிலத்துக்கே அதன் தேவை தீரவில்லை.

மதனப்பள்ளி 2022-ல் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்துவிட்டது. திருப்பதியும் தனி மாவட்டமாகிவிட்டது. நிலக்கடலை பிடுங்கும் மாதம் மட்டும் மாறவில்லை. வேலை முடிந்து பள்ளிக்குத் திரும்பும் பெண் முதலில் பார்ப்பது வாத்தியார் முகத்தைத்தான். இத்தனை நாள் எங்கே போனாய் என்று அவர் கேட்கப்போகிறாரா, எந்தப் படத்தில் விட்டாய் என்று கேட்கப்போகிறாரா என்பது அவள் பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும் அந்த அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.